தூக்கம் வராத இரவுகளும் அரை மாத்திரையும்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது தரும் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் பல நேரம் இரவுக்கு ஒரு மாத்திரை இருக்கும். ஐந்து நாளைக்கு என்றுதான் எழுதியிருப்பார்கள். கணவரை இழந்த பெண்ணுக்கு, காரியம் முடியும்வரையாவது கொஞ்சம் கண்ணயரட்டும் என்று குடும்ப மருத்துவர் எழுதித் தருவார். இரண்டிலும் தவறில்லை. ஆனால் ஐந்து நாள் ஐந்து மாதமாகிறது, பிறகு ஐந்து வருடமாகிறது. சீட்டு நைந்துபோன பின் காலி அட்டையைக் காட்டியே தெருமுனை மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறார்கள். "அது இல்லாட்டி கண்ணே மூடாதுப்பா" என்ற பேச்சு வீட்டில் நிலைத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மாத்திரை என்றாலே அடிமையாகிவிடுவோம் என்று பயந்து, விடிய விடிய விழித்திருந்து, பகலெல்லாம் தளர்ந்து, யாரிடமும் சொல்லாமலே காலம் தள்ளுபவர்களும் நம்மிடையே நிறைய. இந்த இரு சாராரையும் வந்து சேராத செய்தி ஒன்று உண்டு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட நீடித்துப் பலன் தரும் ஒரு சிகிச்சை 50 ஆண்டுகளாக வளர்ந்து, திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு, பயன்பாட்டில் இருக்கிறது.

முதலில், எது நோய் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் பிடிக்காமலோ, நடுவில் விழித்துக்கொண்டோ, விடியுமுன்பே எழுந்துவிட்டோ, அதனால் மறுநாள் பகல் கெடுவது. இது வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தொடர்வது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின் சாரம் இதுதான். பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இதில் "நேரமும் இடமும் இருந்தும்" என்ற பகுதி முக்கியம். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குப் படுத்து, பத்து மணிக்குச் சமையலறைச் சத்தத்தில் எழும் பெண்ணுக்கு வேண்டியது நேரம். அவருக்கு மாத்திரை கொடுப்பது அநியாயம். அதேபோல 70 வயதில் ஆறு மணி நேரம் தூங்கி, பகலில் தெளிவாக நடமாடும் பெரியவருக்கு நோய் ஏதும் இல்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும் நடுவில் விழிப்பு வருவதும் இயல்பு. அவரைப் பார்த்துப் பிள்ளைகள் கவலைப்பட்டு மாத்திரைக்கு அழைத்துப் போவதைத்தான் நிறுத்த வேண்டும்.

தூக்கம் கெடுவதற்குப் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. உரத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவது என்றால் உறக்க மூச்சடைப்பைச் சோதிக்க வேண்டும். அங்கே தூக்க மாத்திரை மூச்சுப் பிரச்சினையை மோசமாக்கக்கூடும். படுத்ததும் காலில் இனம் புரியாத குடைச்சல், அசைத்தால் மட்டுமே நிம்மதி என்று சொல்லும் பெண்களுக்குப் பெரும்பாலும் யாரும் இரும்புச் சத்தைப் பார்ப்பதில்லை. இரத்தசோகை இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழித்து, மனம் கனத்துக் கிடப்பது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். தைராய்டு, மூட்டுவலி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மாலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை என்று பட்டியல் நீளும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் தூக்கமின்மை தனியாக நிற்கும்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது. முதல் இரவில் தூக்கத்தைக் கெடுத்த காரணம் மறைந்த பிறகும் தூக்கமின்மை ஏன் போவதில்லை?

தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் தூக்கத்தை இரண்டு இயக்கங்களின் கூட்டாக விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்கத் தேவை. மூளையில் சேரும் அடினோசின் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. மற்றொன்று, வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் உடற்கடிகாரம். காபி வேலை செய்வது முதல் இயக்கத்தில்தான். அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் கஃபீன் அடைத்துக்கொள்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு டம்ளர் டிகிரி காபியில் அவ்வளவு இருக்காது. ஆனால் நாலரை மணிக் காபியும் ஏழு மணி டீயும் சேர்ந்தால் கணக்கில் வரும்.

1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் முன்வைத்த மாதிரி இதைவிடவும் நமக்கு உதவுகிறது. தூக்கமின்மைக்கு மூன்று வகைக் காரணங்கள் என்றார் அவர்: ஒருவருக்கு இயல்பாகவே உள்ள நாட்டம், அதைத் தூண்டிவிடும் சம்பவம், பிறகு அதை நிலைக்க வைக்கும் பழக்கங்கள். சாவு, கடன், பிரசவம், வேலை இழப்பு எல்லாம் தூண்டிவிடுபவை. மாதங்கள் கடந்தபின் நோயைத் தாங்கிப் பிடிப்பது, தூக்கத்தை ஈடுகட்ட நாம் செய்யும் காரியங்கள். நேற்றுத் தூங்கவில்லையே என்று இன்று எட்டரைக்கே படுப்பது, காலையில் எட்டு மணி வரை படுக்கையை விடாமல் கிடப்பது, மத்தியானம் இரண்டு மணி நேரம் கண் மூடுவது, இரவில் மணியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ஆறு மணி நேரத் தூக்கத்தைப் பத்து மணி நேரப் படுக்கையில் பரப்பினால் நடுவே நான்கு மணி நேரம் விழிப்புதான் இருக்கும். அந்த விழிப்பில் கவலை வந்து உட்கார்கிறது. நாளடைவில் படுக்கையைப் பார்த்தாலே உடம்பு விழித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. நாற்காலியில் டிவி முன்னால் சொக்கிய கண், தலையணையில் தலை வைத்ததும் தெளிந்துவிடுவது இதனால்தான்.

சிகிச்சை இந்தக் கற்றலை எதிர்த்திசையில் செய்கிறது. ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த விதிகள் எளிமையானவை: தூக்கம் சொக்கும்போது மட்டும் படு, ஏறத்தாழ 20 நிமிடம் போயும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போ, சொக்கும்போது திரும்பி வா, படுக்கையில் போன், கணக்கு வழக்கு, சாப்பாடு வேண்டாம், எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு. வேறிடம் போ என்பது தனிப் படுக்கையறை உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதிய விதி. ஒரே கூடத்தில் ஐந்து பேர் வரிசையாகப் படுக்கும் வீட்டில் நள்ளிரவில் எங்கே போவது? ஆனால் பாயில் படுப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எழுந்து பாயைச் சுருட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த இடம் படுக்கையாக இருப்பது நின்றுவிடும். பகலில் பாய் விரித்தே கிடக்கக்கூடாது என்ற நம் வீட்டுப் பழைய கண்டிப்பும் இதே வேலையைத்தான் செய்தது. மெத்தைக் கட்டில் வந்து, அதன்மேலேயே படிப்பும் லேப்டாப்பும் சாப்பாடும் ஆனபிறகு அந்த எல்லை அழிந்துபோனது.

ஸ்பீல்மன் சேர்த்த அடுத்த பகுதி இன்னும் கடினம், ஆனால் இன்னும் வலுவானது. இரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள். சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று தெரிந்தால், படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஐந்தரை மணி நேரமாகக் குறைத்துவிடுவார்கள். இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ வேண்டும். தூக்கம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமாக மாறத் தொடங்கியதும், வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். தூங்க முடியாதவரிடம் இன்னும் குறைவாகப் படு என்று சொல்வது கேட்பவருக்குக் கொடுமையாகத் தோன்றும். முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே கஷ்டம். பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். ஆனால் அந்தத் தட்டுப்பாடுதான் தூக்கத் தேவையைச் சேர்த்து, சிதறிய தூக்கத்தை ஒன்று கூட்டுகிறது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும், லாரி, பேருந்து ஓட்டுபவர்களுக்கும் இதை மருத்துவர் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடாது.

இந்த இரண்டோடு, தளர்வுப் பயிற்சியும், "இன்னிக்கும் தூங்கலைன்னா நாளைக்கு நான் செத்தேன்" என்பது போன்ற எண்ணங்களை எடுத்து வைத்துப் பார்க்கும் உரையாடலும் சேர்ந்ததுதான் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நான்கு முதல் எட்டு அமர்வுகள். 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் சுமார் 19 நிமிடமும், நடுவில் விழித்திருக்கும் நேரம் சுமார் 26 நிமிடமும் குறைந்திருந்தன. மொத்தத் தூக்க நேரம் கூடியது எட்டு நிமிடத்துக்கும் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சிலர் குறையாகக் காட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. புரண்டு புரண்டு படுத்த நேரம் குறைந்து, அதே அளவு தூக்கம் ஒரே கோவையாகக் கிடைக்கும்போது பகல் மாறுகிறது. நோயாளி வந்ததே அதற்காகத்தான். 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, வயது வந்த எல்லா நோயாளிகளுக்கும் முதல் சிகிச்சை இதுவே என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொன்னது.

ஒரு குழப்பத்தை இங்கே விலக்க வேண்டும். நம் பத்திரிகைகளில் தூக்கத்துக்குப் பத்து வழிகள் என்று வருபவை, அதாவது போனை அணை, அறையை இருட்டாக்கு, லேசாகச் சாப்பிடு என்பவை, இந்தச் சிகிச்சை ஆகாது. அவை நல்ல பழக்கங்கள். ஆனால் நாள்பட்ட நோயை அவை மட்டுமே தீர்ப்பதில்லை. 2021இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் அவற்றை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலைப் பின்பற்றித் தோற்றவர், மாத்திரையில்லா வழியையெல்லாம் பார்த்தாயிற்று என்று முடிவுகட்டுவதுதான் அதன் பெரிய கேடு.

வீட்டு வைத்தியங்களில் வெந்நீர்க் குளியலுக்கு ஆதாரம் இருக்கிறது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளித்தால், தோலுக்கு இரத்தம் பாய்ந்து உள்வெப்பம் இறங்கி, சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருவதை 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அமுக்கரா சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் காட்டியிருக்கிறது. கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாகவும் பதிவுகள் உண்டு. பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் பரவாயில்லை, அளவு கூடினால் அது நஞ்சு. மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்து, பின்னிரவைக் குலைத்துவிடும். மெலடோனின் உடற்கடிகாரம் தள்ளிப்போனவர்களுக்கும் நாடு விட்டு நாடு பறப்பவர்களுக்கும் உதவும். சாதாரணத் தூக்கமின்மைக்கு அதன் பலன் சிறிதே.

இனி மாத்திரைகள். 1869இல் குளோரல் ஹைட்ரேட், 1903இல் பார்பிட்டால், 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட், 1960 முதல் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டெடுத்த பென்சோடையசெபைன்கள், 1980களின் இறுதியில் ஸோல்பிடெம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆபத்து குறைந்தது என்று சொல்லப்பட்டே வந்தது. பார்பிட்டுரேட்டுகளில் தூக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த இடைவெளி மிகக் குறுகியது. தாலிடோமைட் கர்ப்பிணிகளுக்கும் தரப்பட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்த பிறகே 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த அளவில் பார்த்தால் இன்றைய மாத்திரைகள் பாதுகாப்பானவைதான். பாதுகாப்பு என்ற சொல்லை அதற்கு மேல் இழுக்க முடியாது.

நம் ஊரில் தூக்கத்துக்கு அதிகம் எழுதப்படுபவை அல்பிரசோலம், குளோனசெபம், ஸோல்பிடெம். இவற்றில் முதலாவது பதற்றத்துக்காகவும் இரண்டாவது வலிப்புக்காகவும் வந்த பென்சோடையசெபைன்கள். மூன்றுமே மூளையின் காபா என்ற அடக்கும் இயக்கத்தைக் கூட்டித் தூக்கம் தருகின்றன. ஸோல்பிடெம் வகை மாத்திரைகள், வெற்று மாத்திரையோடு ஒப்பிட, தூக்கம் பிடிக்கும் நேரத்தை 22 நிமிடம் குறைப்பதாக 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதே இதழில் 2005இல் வந்த இன்னொன்று 60 வயதைக் கடந்தவர்களைப் பற்றியது: 13 பேருக்குத் தூக்க மருந்து கொடுத்தால் ஒருவருக்குத் தூக்கம் மேம்படுகிறது, ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தீங்கு நேர்கிறது. முதியவர்களுக்குத் தீங்கு என்பது பெரும்பாலும் இரவில் கழிவறைக்கு எழும்போது நடக்கிறது. தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வயதில் பலர் பழையபடி நடப்பதே இல்லை. பெண்களின் உடலில் ஸோல்பிடெம் மெதுவாகக் கழிவதால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் சொன்னது. தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்றவை நேர்ந்ததால் 2019இல் கடும் எச்சரிக்கையும் சேர்த்தது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தோணி கேல்ஸ் 1978இல் விவரித்த ஒரு நிகழ்வு. மாத்திரையை நிறுத்திய முதல் சில இரவுகளில் தூக்கமின்மை பழைய அளவைவிட மோசமாகத் திரும்பி வரும். இது மருந்து விலகுவதன் விளைவு. சில நாளில் அடங்கும். ஆனால் அதை அனுபவிப்பவருக்கு அது வேறு பாடம் சொல்கிறது: "பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால முடியாது." பழைய நோய் இன்னும் இருப்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் ஆரம்பிக்கிறார். பத்து ஆண்டாக மாத்திரை சாப்பிடும் பலரை அதிலேயே கட்டிப்போட்டிருப்பது இந்த மூன்று நான்கு இரவுகள்தான். இதை மருந்து எழுதும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

அதற்காக மாத்திரையை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெருந்துயரத்தின் முதல் வாரங்களில், மருத்துவமனைப் படுக்கையில், கடும் மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை, சில இரவுகள் தூக்கம் கிடைப்பது பெரிய உதவி. நடத்தைச் சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் பலனடையாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்தை மறுப்பது இரக்கமில்லாத செயல். 1998இல் கண்டறியப்பட்ட ஒரெக்சின் என்ற விழிப்பூட்டும் இரசாயனத்தைத் தடுக்கும் புதுவகை மருந்துகளுக்கு 2014 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இவை தூக்கத்தைத் திணிப்பதற்குப் பதில் விழிப்பைத் தணிக்கின்றன. 2022இல் லான்செட் இதழ் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டில் ஸோல்பிடெம் வகையைச் சேர்ந்த எஸ்ஸோபிக்லோனும், இந்தப் புதுவகையைச் சேர்ந்த லெம்போரெக்ஸன்ட்டும் முன்னிலையில் வந்தன. ஆனால் நீண்ட காலப் பயன்பாட்டைப் பற்றிய ஆதாரம் போதாது என்பதையும் அதே ஒப்பீடு சொன்னது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வும் உண்டு. 1999இல் சார்ல்ஸ் மோரின் குழு சராசரி 65 வயதுள்ள 78 பேரைப் பிரித்து, சிலருக்கு டெமாசெபம் என்ற தூக்க மாத்திரை, சிலருக்கு நடத்தைச் சிகிச்சை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தது. முதல் சில வாரங்களில் மூன்று சிகிச்சைகளும் பலன் தந்தன. பின்னர் தொடர்ந்து பார்த்தபோது பலனை நன்றாகத் தக்கவைத்துக்கொண்டவர்கள் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களே. மாத்திரையின் பலன் மாத்திரையோடு போய்விட்டது.

ஏற்கெனவே வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது? இன்றே தூக்கிப் போடுங்கள் என்பது மிக மோசமான ஆலோசனை. பென்சோடையசெபைன்களை நீண்ட காலம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்காகவே ஒரு கிளினிக் நடத்திய ஹெதர் ஆஷ்டன் காட்டிய வழி, மருத்துவர் துணையோடு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பது, வேகத்தை நோயாளியே தீர்மானிப்பது. அரை மாத்திரை, கால் மாத்திரை என்று இறங்கும்போது கூடவே நடத்தைச் சிகிச்சையும் கிடைத்தால் வெற்றி பெருகுகிறது. மோரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் படிப்படியாகக் குறைத்தவர்களில் 48 சதவீதத்தினர் மாத்திரையை விட்டார்கள். சிகிச்சையும் சேர்ந்தபோது 85 சதவீதம். கனடாவின் கியூபெக்கில் காரா டானென்பாம் குழு இன்னும் எளிய ஒன்றைச் செய்துபார்த்தது. 65 வயதைக் கடந்து, பல காலமாக இந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட 303 பேரில் ஒரு பாதியினருக்கு, ஆபத்துகளையும் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் சிறு கையேடு தரப்பட்டது. ஆறு மாதத்தில் 27 சதவீதத்தினர் நிறுத்தியிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம். 2014இல் வெளியான இந்த முடிவு, இந்த முதியவர்கள் பிடிவாதக்காரர்கள் என்ற நினைப்பைத் தகர்க்கிறது. யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. அல்பிரசோலம், டயசெபம், ஸோல்பிடெம் ஆகியவை 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலில் அடங்கும். மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது; விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் அதை அமல்படுத்துவதாகச் சொல்லிக் கடையை மட்டும் இறுக்கினால், பழகிப்போனவர்கள் ஒரே நாளில் மருந்தில்லாமல் தவிப்பார்கள். அவர்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தருபவர்கள் பெருநகரங்களின் சில மனநலப் பிரிவுகளுக்கு வெளியே அரிது. ஆனால் அதைத் தர உளவியல் நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. 2023இல் லான்செட்டில் வந்த இங்கிலாந்து ஆய்வில், 642 பேர் கலந்துகொண்டார்கள்; சிகிச்சைப் பிரிவினருக்குப் படுக்கை நேரத்தைக் குறைக்கும் பயிற்சியை அளித்தவர்கள் குடும்ப மருத்துவமனைகளின் சாதாரணச் செவிலியர்கள். வெறும் நான்கு அமர்வுகள். ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் பெண் பணியாளர்கள் இருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், ராத்திரி மாத்திரையை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று அவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தேவைப்படுபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில், பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் வாரம் ஒரு மதியம் இந்த நான்கு அமர்வுகளை நடத்தலாம். புதுக் கட்டடமோ கருவியோ இதற்கு வேண்டியதில்லை. தமிழில் ஒரு நல்ல கையேடும், சில நாள் பயிற்சியும், மாத்திரையைக் குறைக்கும்போது உடன் நிற்கும் ஒரு மருத்துவரும் வேண்டும்.